உன் சேலையில் ஓடிய அலை

உன் மகள் உன்னை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். காலை எட்டரை மணி. அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி, மெஷினுக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஃப்ளெக்ஸ் மையின் நெடியும் ஊதுபத்திப் புகையும் சேர்ந்து மூக்கை அரிக்கும் நேரம். "அக்கா, கண்ணீர் அஞ்சலி பேனர் ரெண்டு வேணும். மூணு மணிக்கு எடுத்துடுவாங்க. அதுக்குள்ள குடுத்துடுங்க," என்றாள். யாருக்கு என்று கேட்டேன். "அம்மாவுக்கு," என்றாள்.

படத்தைத் திறந்தேன். பதினோரு வருஷமாய் நான் பார்க்காத முகம். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது, முன்பல் அதே கோணல். ஏதோ கல்யாண வீட்டில் எடுத்த படம் போல. பின்னால் வாழைமரம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் மயிரிழை மாதிரிக் கறுப்புக் கோடு போட்ட காட்டன் சேலை கட்டியிருந்தாய். படத்தைத் திரைக்குத் தகுந்தபடி சுருக்கினேன். சுருக்கச் சுருக்க அந்தக் கோடெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, உன் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பட்டை பட்டையாய் ஓர் அலை எழும்பியது. பெரிதாக்கினால் காணோம். சுருக்கினால் மறுபடி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே உன் மகள் நிற்கிறாளே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

நான் அழவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாது எனக்காக அழுதாள் என்று நீ போன இடத்தில் யாரிடமும் பெருமை பேசிவிடாதே.

இந்த அலையை எனக்கு முதலில் காட்டியவளே நீதானடி. கெலமங்கலத்திலிருந்து ஓசூருக்கு நம் கம்பெனி பஸ் போகும். ஜன்னல் சீட்டுக்கு இரண்டு பேரும் தினமும் அடித்துக்கொள்வோம். வழியெல்லாம் ரோஜாத் தோட்டக்காரர்கள் போட்ட பிளாஸ்டிக் கூடாரம், பாலிஹவுஸ். அதன் பக்கவாட்டில் பச்சை நிழல் வலை கட்டியிருக்கும். ஒரு தோட்டத்தில் மட்டும் வலை கிழிந்துபோய், அதன்மேல் இன்னொரு வலையைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது நீ என் தொடையில் ஓங்கி அடித்தாய். "ஏமே மாது, அக்கட சூடு!" அங்கே பாருடி என்று உன் வீட்டுத் தெலுங்கில் கத்தினாய். பார்த்தேன். பச்சை வலைக்குள் ஒரு பெரிய பாம்பு நம் பஸ்ஸோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நின்றது, பாம்பும் நின்றது. பஸ் கிளம்பியது, பாம்பும் கிளம்பியது.

அதற்குப் பிறகு நமக்கு அதுதான் வேலை. உன் சீப்பையும் என் சீப்பையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து லேசாகத் திருகுவாய். பல்லுக்குப் பல் நடுவே கறுப்புப் பட்டை ஏறி இறங்கும். உன் நைலான் துப்பட்டாவை இரண்டாய் மடித்து என் கண் முன்னே பிடிப்பாய். பஸ்ஸே நம்மைப் பார்த்துச் சிரிக்கும். "இதுங்களுக்கு லூசு புடிச்சுக்கிச்சு," என்பார் டிரைவர். "இல்லாததைப் பாக்கிறதுக்கும் ஒரு குடுப்பினை வேணும்ணா," என்பாய் நீ. அப்போது எனக்கு உன்னை எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நம் வேலையோ அந்த அலை வராமல் பார்த்துக்கொள்வது. தொழிற்பேட்டையில் அட்டைப் பெட்டியும் லேபிளும் அச்சடிக்கிற கம்பெனி. பிளேட் போடும் ரூமில் நீயும் நானும். நாலு கலருக்கு நாலு பிளேட். ஒவ்வொரு பிளேட்டிலும் பொடிப் பொடிப் புள்ளிகள் வரிசையாய் நிற்கும். ஒவ்வொரு கலரின் வரிசையும் ஒவ்வொரு சாய்வில் இருக்கவேண்டும். இரண்டு கலர் ஒரே சாய்வுக்கு வந்துவிட்டால் போச்சு, காகிதத்தில் அலை எழும்பிவிடும். ஆபீஸில் அதற்கு மொய்ரே என்று பெயர். மெஷின்காரர்கள் அலை என்றுதான் சொல்வார்கள். எந்தப் பிளேட்டைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் அதில் அலை இருக்காது. இரண்டும் சேர்ந்து விழும்போதுதான் வரும்.

அந்த மாம்பழக்கூழ் டப்பா லேபிள் உனக்கு மறந்திருக்காது. சாகும்போது கூட உன் கண்முன்னே வந்திருக்கும், வரட்டும். மூங்கில் கூடை நிறைய மாம்பழம். கப்பலேறி வெளிநாடு போகிற சரக்கு. அந்த வேலையின் நாலு பிளேட்டையும் காலை ஷிஃப்டில் நான் போட்டேன். மெஷினில் ஏறி, முதல் ஷீட்டை எல்லாரும் லென்ஸ் வைத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு ஓட விட்டார்கள். கூடையின் ஒவ்வொரு பின்னலும் தனித்தனியாய்த் தெரிந்தது. மெஷின் ஓட்டிய சென்னப்பா அண்ணன், "மாது போட்டா கண்ணை மூடிக்கினு ஓட்டலாம்," என்றார். நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய்.

மத்தியானம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கறுப்புப் பிளேட் மடங்கிவிட்டது, புதிசு வேண்டும் என்று மெஷினிலிருந்து கத்தினார்கள். நீ அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தாய். "நீ போய்ச் சாப்பிடு மாது, மூஞ்சே வாடிக் கெடக்குது. நான் பாத்துக்கிறேன்," என்றாய். போனேன். பாசமாய்ச் சொன்னாய் என்று நம்பித்தான் போனேன். முந்தின நாள் வேறொரு பெட்டிக்காக, நான் காலையில் தொடாத இரண்டாவது பிளேட் மெஷினில் நீ சாய்வை மாற்றி வைத்திருந்தாய். அதைத் திருப்பி வைக்கவில்லை. அவசரத்தில் அதிலேயே அப்படியே கறுப்பைப் போட்டாய். அது மெஜந்தாவின் சாய்விலேயே வந்து விழுந்தது. பிளேட்டின் ஓரத்தில் போட்டவர் பெயரின் முதலெழுத்தும் ஷிஃப்டும் மார்க்கரில் எழுதவேண்டுமே, மடங்கின பிளேட்டில் இருந்த என் எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதினாய். பிளேட் ரூம் ஜன்னல் வழியாக நீட்டினாய். சென்னப்பா அண்ணன் வாங்கிக்கொண்டு போனார். அவர் பார்த்தது கிளவுஸ் போட்ட ஒரு கையை மட்டும்தான்.

என் எழுத்தை நீ வேண்டுமென்று எழுதினாய் என்று நான் சொல்லமாட்டேன். அவசரம், பழக்கம். அதை நான் அன்றே மன்னித்திருப்பேன். மறுநாள் காலையில் நடந்ததைத்தான் என் கட்டை வேகிற வரைக்கும் மன்னிக்கமாட்டேன்.

பிளேட் மாற்றியதற்குப் பிறகு அடித்த ஷீட் அத்தனையிலும் கூடைக்குள் அலை. மாம்பழத்தின்மேல் ஈரத்துணி காயப்போட்ட மாதிரி திட்டுத் திட்டாய் இருந்தது. பெங்களூர்க்காரர் மேனேஜர் ஷீட்டை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, "யாரு மாடித்து இது?" என்றார். யார் செய்தது என்று அவர் கன்னடத்தில் கேட்டால் கோபம் உச்சியில் என்று அர்த்தம். நாம் இரண்டு பேரும் நின்றோம். சென்னப்பா அண்ணனும் இருந்தார். எனக்குப் பயமே இல்லை. தப்பு எங்கே என்று நானே கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று முன்னால் போனேன். கோடு கோடாய்ப் போட்ட அந்தப் பிளாஸ்டிக் ஷீட், பிளேட்டின்மேல் வைத்துத் திருப்பினால் நட்சத்திரம் மாதிரி ஓர் உருவம் எழும்பிச் சாய்வைக் காட்டுமே, அதை வைத்துக் காட்டினேன். "பாருங்க சார், கறுப்பு மெஜந்தா சாய்வுல இருக்குது. மெஷின் மேல தப்பில்ல. பிளேட் போட்டவங்க மேலதான் தப்பு," என்றேன். என்ன வீறாப்பு எனக்கு! மேனேஜர் பிளேட்டின் ஓரத்தைத் திருப்பினார். என் எழுத்து இருந்தது. என் கழுத்துக்குக் கயிற்றை நானே திரித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.

உன்னைத் திரும்பிப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். திட்டு வாங்குவாய், இரண்டு நாள் சஸ்பெண்ட் செய்வார்கள், பஸ்ஸில் நான் உன்னைத் தேற்றுவேன் என்று அதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "மாது போட்டதுதான் சார். அவ எழுத்துதானே இருக்குது," என்றாய். நீ விளையாடுகிறாய் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. "செய்யறதையும் செஞ்சிட்டு சிரிக்கிறா பாரு," என்றார் மேனேஜர். நான் சாப்பிடப் போயிருந்தேன், அது அவள் போட்டது என்றேன். புதுப் பிளேட்டை யார் போட்டார்கள் என்று நோட்டில் எந்தப் பதிவும் இல்லை. நான் போட்டது சரியான சாய்வு என்று காட்ட, மடங்கின பழைய பிளேட் இருக்குமா என்று தேடி ஓடினேன். கழிவு லாரி காலையிலேயே போயிருந்தது.

என்னை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து உன்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எங்கள் அம்மா உன் வீட்டு வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். நீ கதவைத் திறக்கவேயில்லை. "உள்ளதான்டி இருந்தா, கொலுசு சத்தம் கேட்டுச்சு," என்றாள் அம்மா. அவள் அழுததைவிட நீ உள்ளே கொலுசைச் சத்தமில்லாமல் வைக்கப் பார்த்ததை நினைத்துத்தான் என் வயிறு எரிந்தது.

ஓசூரில் இருக்கிற அச்சகம் ஒவ்வொன்றுக்கும் போனேன். உட்காரச் சொல்வார்கள், டீ கொடுப்பார்கள், எந்தக் கம்பெனியில் இருந்தீர்கள் என்று கேட்பார்கள். சொன்னதும், "ஓ, அந்த அலை போட்ட பொண்ணா?" என்பார்கள். அதோடு சரி. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலை. அதில் நான் கெட்டிக்காரி. அந்தப் பேர்தான் என்னிடம் இருந்த சொத்து. அதை நீ ஒரே வாக்கியத்தில் துடைத்துப் போட்டாய்.

பிறகு எங்கே வேலைக்குப் போனேன் தெரியுமா? ரோஜாத் தோட்டத்துக்கு. நாலு வருஷம் பாலிஹவுஸுக்குள் நின்று மொட்டு வெட்டினேன். தலைக்குமேல் இரண்டு அடுக்கு வலை. காற்றடித்தால் போதும், மேலே அலை அலையாய் ஓடும். மற்றவர்கள் வெயிலுக்கு முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்தார்கள். நான் அதைப் பார்க்கக்கூடாதென்று மூடிக்கொண்டேன். உனக்குப் புழு வைக்கவேண்டும், உன் கை விளங்காமல் போகவேண்டும் என்று ஒவ்வொரு காம்பு வெட்டும்போதும் சொல்லிக்கொள்வேன். ஒரு நாளைக்கு எத்தனை காம்பு என்று நீயே நினைத்துக்கொள். அதற்கப்புறம்தான் கெலமங்கலத்தில் இந்தக் கடை. 'மாது டிஜிட்டல்ஸ்' என்று பேனரின் கீழ் மூலையில் என் பேரை நானே அடித்துக்கொள்கிற கடை.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் நீ வந்தாய். உங்கள் ஊருக்குப் போகிற வழியில் முதல் ஃப்ளெக்ஸ் கடை என்னுடையது. அதனால் உன் மகள் இங்கே நுழைந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. ஒன்பது வயதில் கடைசியாய்ப் பார்த்த பிள்ளை. இப்போது உன் உயரம். ஆறு மாதமாய் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம், வயிற்றில் கட்டி என்றாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே மௌஸைப் பிடித்திருந்தேன்.

கோடு போட்ட துணியில் அலை வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? சுருக்குவதற்கு முன்னால் சேலையை மட்டும் லேசாய் மங்க வைக்கவேண்டும். இரண்டு நிமிஷ வேலை. அதை நான் செய்யவில்லை. செய்யாமல் விட்டேன் என்று சொன்னால் கூடப் பொய். கோடுகளைக் கூர்மையாக்கினேன். படத்தைத் துளி சாய்த்துப் பார்த்தேன். ஒரு சாய்வில் அலை சின்னதாய் இருந்தது, இன்னொரு சாய்வில் உன் நெஞ்சு நிறையப் பரவியது. அதையே வைத்துக்கொண்டேன். முகத்தில் கைவைக்கவில்லை. முகம் பளிச்சென்று இருக்கட்டும், யாருக்கு இந்த அலை என்று எல்லாருக்கும் தெரியவேண்டும். உன் சாவுக்கு ஓசூரிலிருந்து மெஷின்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். மற்ற ஜனங்கள் மாலையைப் பார்ப்பார்கள், இவர்கள் பேனரைத்தான் பார்ப்பார்கள். பதினோரு வருஷமாய் என் பேரோடு ஒட்டிக்கொண்டிருந்ததை உன் உடம்பில் உடுத்தி அனுப்புகிறேன், வாங்கிக்கொள் என்று பிரிண்ட் பட்டனை அழுத்தப் போனேன்.

அப்போது உன் மகள் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அக்கா, அம்மா சேலையில ஏதோ ஓடற மாதிரி இருக்குதே?"

"அது ஸ்கிரீன்ல அப்படித்தான் தெரியும்மா. பிரிண்ட்ல வராது," என்றேன்.

நம் தொழிலில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. பாதி நேரம் அது உண்மையும் கூட. அவள் நம்பினாள்.

பேனரைக் கொடுத்தனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன். வேடிக்கை பார்க்கவேண்டாமா? உங்கள் ஊருக்கு நடந்தே போனேன். தெருமுனையில் ஒன்று, பந்தலுக்கு எதிரே ஒன்று, இரண்டிலும் நீ சிரித்துக்கொண்டு நின்றாய். அடடா, என்ன அலை! பத்தடி தள்ளி நின்று பார்த்தால் உன் சேலை கொதிக்கிற மாதிரி இருந்தது. ஒரு எட்டு முன்னே வைத்தால் அது மேலே ஏறியது, பின்னே வைத்தால் கீழே இறங்கியது. மேளச்சத்தம் காதைப் பிளந்தது. உள்ளே ஐஸ் பெட்டியில் நீ கிடந்தாய். நான் உள்ளே வரவில்லை. பந்தல் காலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். உன் பேனரைப் பார்த்து யார் முகம் சுளிப்பார்கள் என்று காத்திருந்தேன். பசி கூட எடுக்கவில்லை எனக்கு. அப்படி ஒரு திருப்தி.

இரண்டு மணிக்கு மெஷின்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். சென்னப்பா அண்ணன் தலை முழுக்க நரைத்துவிட்டது. ரிட்டயர் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர் பேனருக்கு எதிரே நின்றுவிட்டார். ஒரு கண்ணை மூடினார். தள்ளிப் போனார், கிட்டே வந்தார். லென்ஸ் எடுக்கிற பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. எனக்கு உள்ளுக்குள் குலவை போடவேண்டும் போலிருந்தது. பிறகு அவர் குனிந்து கீழ் மூலையைப் படித்தார். என் பேர்.

கூட வந்த ஒரு மெஷின்காரரிடம், "பாத்தியா முருகேசா, அதே அலை," என்றார். "நம்ம மாதுதான் அடிச்சிருக்குது. இத்தினி வருஷம் ஆச்சு, இன்னும் கை திருந்தலியே."

"எந்த மாதுண்ணா? அந்த மாம்பழ லேபிளா?"

"அதேதான். அப்ப நான் கூடக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன்டா. ஜன்னல்ல பிளேட் குடுத்த கை அவளுது இல்லியோன்னு மனசுல ஒரு உறுத்தல். பாவம், வேலை தெரிஞ்ச பொண்ணு, யார் செஞ்சதையோ அது தலையில கட்டிட்டாங்களோன்னு நெனச்சுக்கினே இருந்தேன். இப்பதான் தெளிவாச்சு. அதோட கைதான் அது." சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

பதினோரு வருஷமாய் ஒரே ஓர் ஆள் என்னை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார், அது எனக்குத் தெரியாது. தெரிந்த அதே நிமிஷத்தில் அது போய்விட்டது. எழுந்து போய் என்ன சொல்வேன்? தெரியாமல் வந்துவிட்டது என்றால் அன்றைக்கும் நான்தான் என்று ஆகிவிடும். வேண்டுமென்றேதான் போட்டேன் என்று சாவு வீட்டில், உன் பிள்ளை தலைவிரி கோலமாய் நிற்கும்போது எப்படிச் சொல்வது? உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பேனரில் நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். கல்லெடுத்து எறியலாமா என்று வந்தது, உன் மேலா என் மேலா என்று தெரியவில்லை.

நாலு நாள் கழித்து உன் மகள் கடைக்கு வந்தாள். காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கவேண்டும் என்றாள். உட்கார்ந்தாள். மேஜை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே, "நீங்கதான் மாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அம்மாதான் அனுப்புச்சு. போனப்புறம் பேனரை மாதுகிட்டதான் அடிக்கணும், வேற எங்கயும் போவாதன்னு ரெண்டு மூணு தடவை சொல்லுச்சு. ஏம்மான்னு கேட்டேன். மெஷின்காரங்க எல்லாம் வருவாங்க, அவ வேலையை அவங்க ஒருதரம் பாக்கட்டும்னுச்சு. அன்னிக்கே சொல்லியிருப்பேன். அழுகை வந்துடும்னு சொல்லல."

அவள் என்னைத் தேற்றுகிற மாதிரி, "பேனர் நல்லாத்தான் இருந்துச்சு அக்கா. சேலையில தண்ணி ஓடற மாதிரி இருந்துச்சு. சின்னப் பிள்ளையில அம்மா சீப்பு ரெண்டை வெச்சுக் காட்டுமே, அந்த மாதிரி," என்றாள்.

அடி பாவி. செத்தும் விடமாட்டாயா நீ? இதைச் சொல்ல உனக்குப் பதினோரு வருஷம் வாய் வரவில்லை. உன் ஊரிலிருந்து என் கடை எவ்வளவு தூரம்? நடந்தே வந்துவிடலாம். படியேறி வந்து, "நான்தான் போட்டேன் மாது," என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைச் செருப்பால் அடித்திருப்பேன், அப்புறம் காபி போட்டிருப்பேன். அதைச் செய்யாமல், கோழை, செத்தபிறகு பேனரில் நின்று எனக்கு நல்ல பேர் வாங்கித் தரப் பார்த்திருக்கிறாய். நான் ஒழுங்காய் வேலை செய்வேன் என்று என்னை அவ்வளவு நம்பியிருக்கிறாய். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

அன்று மத்தியானமே ஓசூருக்கு பஸ் ஏறினேன். சென்னப்பா அண்ணன் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். வராந்தாவில் உட்கார்ந்து பேரப்பிள்ளையின் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "வா மாது," என்று நாற்காலி போட்டார். அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீரைக் குடிக்காமலே சொன்னேன்.

"அண்ணா, அந்தப் பேனர்ல அலை தானா வரல. நானே போட்டேன். வேணும்னே போட்டேன்."

அவர் கையில் எண்ணெய்க் குப்பி அப்படியே நின்றது. "செத்தவ படத்துலயா?"

"ஆமாண்ணா. என்னைக் காறித் துப்புங்க, பரவால்ல. ஆனா வேலை தெரியாம செஞ்சேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. எனக்கு வேலை தெரியும்."

கெட்டவள் என்ற பேர் எனக்குப் பெரிதில்லை. வேலை தெரியாதவள் என்ற பேரைத்தான் என்னால் சுமக்க முடியவில்லை. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வரத்தான் அவ்வளவு தூரம் போனேன். அவர் குப்பியை மூடிக் கீழே வைத்தார். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டார். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அப்ப அந்த மாம்பழ லேபிளும் வேணும்னே போட்டதுதானா?"

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"அவளுக்கு சூப்பர்வைசர் குடுக்கப் போறாங்கன்னு அப்பவே பேச்சு இருந்துச்சு. அந்த ஆத்திரத்துல செஞ்சியோ என்னவோ. நீ அன்னிக்கு சிரிச்சதையும் நான் பாத்தேன். அந்த சிரிப்பு என்னான்னு எனக்கு ரொம்ப நாளா புரியல," என்றார்.

"இல்லண்ணா, அது நான் போடல. சத்தியமா நான் போடல. அவதான் போட்டா. நான் சாப்பிடப் போயிருந்தேன்," என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

அவர் எழுந்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அவ வந்து இல்லன்னு சொல்ல முடியாது பாரு. மறுபடியும் அவ மேலயே போடறியே மாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணி வைத்த தண்ணீர்ச் சொம்பு என் பக்கத்தில் இருந்தது. குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அன்றைக்கு அந்த ஜன்னலுக்கு உள்ளே நின்று பிளேட்டை நீட்டியது யார் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் என் பேச்சை இனி எவனும் கேட்கப்போவதில்லை. மிச்சம் நீதான். நீ உயிரோடு இருந்தவரைக்கும், கதவைச் சாத்திக்கொண்டு கொலுசை அடக்கிக்கொண்டாவது, என் உண்மை ஒரு வீட்டில் இருந்தது. அது தெரியாமல் நான் உன் சாவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ரோஜாக் காம்புக்கும் ஒருதரம் உன்னைச் சாகச் சொன்னவள், இப்போது தினமும் கடையைத் திறந்ததும் நீ ஒரே ஒரு நாள் திரும்பி வரமாட்டாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அழுவதற்கு இல்லை. கட்டிப்பிடித்துக்கொள்வதற்கும் இல்லை. உன் தலைமயிரைக் கொத்தாய்ப் பிடித்து, டவுன் பஸ்ஸில் ஏற்றி, சென்னப்பா அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு.